கூடங்குளத்துக்கு ஆய்வாளர் வருகிறார், கல்பாக்கத்துக்கு ஏன் வருவதில்லை?

தமிழ்நாட்டில் இரண்டு இடங்களில் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கல்பாக்கம். தெற்கே, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், திருநெல்வேலி மாவட்டக் கடலோரத்தில் கூடங்குளம். இரண்டு இடத்திலும் யுரேனியத்தைப் பிளந்து, அந்தச் சூட்டில் தண்ணீரை ஆவியாக்கி, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். இரண்டையும் நடத்துவது இந்திய அணுமின் கழகம்தான். எந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று நம் வீட்டு மின்விசிறிக்குத் தெரியாது.

ஆனாலும் இவற்றுக்கு நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் கூடங்குளத்துக்குள் வரலாம். எரிபொருளை எண்ணிப் பார்ப்பார்கள், முத்திரை வைப்பார்கள், கேமரா பொருத்துவார்கள். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்துக்குள் அவர்கள் வருவதில்லை; வர உரிமையும் இல்லை. ஒரே நாடு, ஒரே கழகம், ஒரே வேலை. அப்படியிருக்க ஒரு நிலையத்தின் கதவு வெளியாருக்குத் திறந்திருக்கிறது, இன்னொன்றின் கதவு மூடியிருக்கிறது.

அணுமின்சாரத்துக்காக நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் ராணுவ ரகசியமும் எங்கே உரசுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. அடிப்படையிலிருந்து வருவோம்.

ஒரே பொருள், இரண்டு பயன்

பூமியிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களை எண்ணினால் ஏறக்குறைய 7 மட்டுமே யு-235 என்ற வகை. சுலபமாகப் பிளந்து ஆற்றல் தருவது அதுதான். மற்றவை யு-238. கூடங்குளத்தில் இருப்பது போன்ற உலைகளுக்கு யு-235-இன் பங்கை 3 முதல் 5 சதவீதம் வரை கூட்ட வேண்டும். இதைச் செறிவூட்டல் என்கிறார்கள். அதே வகை இயந்திரங்களை வைத்து அதே வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டே போய் 90 சதவீதத்தைத் தாண்டினால், கையில் இருப்பது அணுகுண்டுக்கான பொருள். நடுவே எங்கும் இயற்கை போட்டுவைத்த வேலி கிடையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. உலைக்குள் இருக்கும் யு-238 நியூட்ரானை விழுங்கிப் புளூட்டோனியம்-239 ஆக மாறுகிறது. எந்த யுரேனிய உலையை எரித்தாலும் இது நடக்கும். அடுப்பெரித்தால் சாம்பல் வருவதுபோல. எரிபொருளை நீண்ட காலம் உள்ளேயே விட்டால் புளூட்டோனியம்-240 என்ற இன்னொரு வகையும் சேர்ந்துவிடும். அது தானாகவே நியூட்ரான்களைக் கக்கும் என்பதால் குண்டு செய்பவர்களுக்குத் தொல்லை. ஆகவே குண்டுக்கு வேண்டுமென்றால் எரிபொருளைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட வேண்டும்.

கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் உள்ள முதல் வேறுபாடு இங்கேதான் வருகிறது. கூடங்குளத்து உலைகள் ரஷ்ய வகை, ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். அவற்றில் எரிபொருளை மாற்ற உலையை நிறுத்தி, மூடியைத் திறக்க வேண்டும். ஊருக்கே தெரியும் வேலை அது. கல்பாக்கத்தில் உள்ளவை கனநீர் (ஹைட்ரஜனின் கனமான வகை உள்ள நீர்) பயன்படுத்தும் உலைகள், ஒவ்வொன்றும் 220 மெகாவாட். செறிவூட்டாத யுரேனியமே இவற்றுக்குப் போதும். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் புதிய எரிபொருள் கற்றையைத் தள்ளி மறுபக்கம் பழையதை வாங்கிக்கொள்ளலாம். எந்தக் கற்றை எத்தனை நாள் உள்ளே இருந்தது என்பது வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கல்பாக்கத்தில் அப்படிச் சீக்கிரமாக எடுக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுக்க முடியும் என்பதே பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பெரிய விஷயம்.

ஒரு குண்டுக்கு எவ்வளவு வேண்டும்? சர்வதேச முகமை தன் கணக்குக்கு வைத்திருக்கும் அளவு 8 கிலோ புளூட்டோனியம். ஒரு சின்ன அரிசிப் பையின் எடை. அதனால்தான் இந்தத் துறையில் கிலோக் கணக்கு, சில சமயம் கிராம் கணக்குக்கூட, ராஜதந்திர விவகாரம் ஆகிறது.

நம்பிக்கையில் தொடங்கி, நம்பிக்கை உடைந்தது

ரகசியம்தான் முதலில் வந்தது, ஒத்துழைப்பு பிறகுதான். 1946-இல் அமெரிக்கா இயற்றிய அணுசக்திச் சட்டம் அணு சம்பந்தமான தகவல்கள் அனைத்தையும் பூட்டிவைத்தது. போர்க்காலத்தில் தோளோடு தோள் நின்று அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்த பிரிட்டனுக்கே கதவைச் சாத்தினார்கள். பிரிட்டன் தானாகவே குண்டு செய்துகொண்டது; சோவியத் யூனியனும் செய்துவிட்டது. பூட்டு பயன்படவில்லை என்று தெரிந்த பிறகு, 1953 டிசம்பரில் ஐ.நா. சபையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் வேறு வழியை முன்வைத்தார்: அமைதிப் பணிகளுக்கு அணு அறிவைப் பகிர்ந்துகொள்வோம், ஆயுதத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியைப் பெற்றுக்கொள்வோம். 1955-இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஹோமி பாபா. அதுவரை ரகசியமாக இருந்த பல தகவல்கள் அங்கே மேடையில் வாசிக்கப்பட்டன.

அந்தக் காலத்து நல்லெண்ணத்தில் கனடா இந்தியாவுக்கு ஓர் ஆராய்ச்சி உலையைக் கொடுத்தது. மும்பை டிராம்பேயில் 1960-இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் அது. கனநீர் தந்தது அமெரிக்கா. 'அமைதிப் பணிகளுக்கு மட்டும்' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆனால் வந்து சோதிப்பதற்கான ஏற்பாடு அதில் இல்லை. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா வெடித்த சாதனத்துக்கான புளூட்டோனியம் சைரஸிலிருந்து வந்ததுதான். 'இது அமைதிக்கான வெடிப்பு' என்று இந்தியா சொன்னது. கனடா ஏற்கவில்லை, ஒத்துழைப்பை நிறுத்தியது. அணுப்பொருள் விற்கும் நாடுகள் கூடி ஒரு குழுவையே அமைத்தன. இன்று என்.எஸ்.ஜி. என்ற சுருக்கப் பெயரில் செய்திகளில் வருகிறதே, அந்தக் குழு.

இந்தியாவின் பக்கத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1967 ஜனவரி 1-க்கு முன்னால் குண்டு வெடித்த ஐந்து நாடுகள் மட்டும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கூடாது என்று சொல்லும் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவே இல்லை. அதே சமயம், கொடுத்தவர் மனதில் 'அமைதி' என்ற சொல்லுக்கு இருந்த பொருளும் வாங்கியவர் மனதில் இருந்த பொருளும் வேறு என்பதும் உண்மை. அதற்குப் பிறகு எழுதப்பட்ட அணு ஒப்பந்தங்களின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் சைரஸின் நிழல் இருக்கிறது.

ஆய்வாளர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதில்லை

ரேஷன் கடைக்கு இருப்புச் சோதனைக்கு அதிகாரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். பதிவேட்டில் எத்தனை மூட்டை அரிசி வந்தது, எவ்வளவு கொடுத்தீர்கள், மீதி எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு உள்ளே போய் மூட்டைகளை எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கேள்வி. கடைக்காரர் வீட்டில் என்ன சமைக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விஷயம்.

அணுசக்தி முகமையின் கண்காணிப்பும் பெரும்பாலும் இதுதான். எத்தனை எரிபொருள் கற்றைகள் வந்தன, எத்தனை உலைக்குள் போயின, பயன்படுத்தியவை குளத்தில் எத்தனை கிடக்கின்றன என்பதை நிலையம் எழுதி அனுப்ப வேண்டும். ஆய்வாளர் வந்து சரிபார்ப்பார். இரண்டு வருகைகளுக்கு நடுவே யாரும் எதையும் நகர்த்தவில்லை என்று காட்டக் கேமராவும் முத்திரையும். கட்டடத்தின் வடிவமைப்பு விவரமும் ஓரளவு கொடுக்க வேண்டும், கள்ளக் கதவு ஏதும் இல்லை என்று உறுதிசெய்ய.

கண்காணிப்பில் இரண்டு ரகம் உண்டு. தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜப்பான், ஜெர்மனி போன்ற ஆயுதம் இல்லாத நாடுகளில், நாட்டில் உள்ள அணுப்பொருள் முழுவதும் கணக்குக்குள் வர வேண்டும். இந்தியா போன்ற நாட்டில், 'இந்தக் கட்டடம், இந்த உலை' என்று குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும். அமெரிக்கர்கள் கட்டிய தாராப்பூர் முதல் இரண்டு உலைகளும், கனடா உதவியோடு தொடங்கிய ராஜஸ்தான் முதல் இரண்டு உலைகளும் நெடுங்காலமாகவே கண்காணிப்பில் இருந்தன. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் செய்த ஒப்பந்தத்தில் பிறந்த கூடங்குளமும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் கணக்குக் காட்ட வேண்டும். நாமே கட்டியது என்றால் நம் விருப்பம். கல்பாக்கத்தின் இரண்டு உலைகளும் நாமே கட்டியவை. 1983-இல் முதல் உலை இயங்கியபோது அதுதான் பெருமையாகச் சொல்லப்பட்டது.

கோடு போட்ட கதை

2005-க்கு வருவோம். அப்போது இந்தியாவுக்கு ஒரு நெருக்கடி: உலை இருக்கிறது, யுரேனியம் போதவில்லை. ஜார்க்கண்டின் ஜாதுகுடா போன்ற சுரங்கங்களில் கிடைக்கும் தாது தரம் குறைந்தது. வெளியே வாங்கலாம் என்றால், 1992 முதல் என்.எஸ்.ஜி. நாடுகள் ஒரு விதி வைத்திருந்தன: நாட்டிலுள்ள அணு நிலையங்கள் எல்லாவற்றையும் கண்காணிப்புக்குத் திறக்காதவருக்கு விற்பனை கிடையாது. 2007-08 வாக்கில் நம் அணுமின் நிலையங்கள் தங்கள் திறனில் பாதியளவுக்கே ஓடிக்கொண்டிருந்தன.

2005 ஜூலை 18 அன்று வாஷிங்டனில் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் கூட்டறிக்கை விட்டார்கள். அதன் சாரம் எளிமையானது. இந்தியா தன் அணு நிலையங்களைக் 'குடிமைப் பயன்பாடு', 'ராணுவம் சார்ந்தது' என்று இரண்டாகப் பிரிக்கும். முதல் வகையை முகமையின் கண்காணிப்பில் வைக்கும். பதிலுக்கு அமெரிக்கா தன் சட்டத்தையும் என்.எஸ்.ஜி. விதியையும் இந்தியாவுக்காகத் தளர்த்த முயலும்.

சொல்வதற்கு எளிது. செய்வதற்கு? இந்தியாவின் அணுத் திட்டம் அரை நூற்றாண்டாக ஒரே கூட்டுக் குடும்பமாக வளர்ந்தது. ஒரே விஞ்ஞானிகள், ஒரே ஆய்வகங்கள், ஒரே வளாகங்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது கிணறு யாருக்கு, களம் யாருக்கு என்று வரும் சிக்கல்தான் இங்கேயும். அதில் மிகப் பெரிய கிணறு கல்பாக்கத்தில் இருந்தது.

கல்பாக்கத்தில் மின் நிலையம் மட்டும் இல்லை. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது. பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் மறுபதப்படுத்தும் ஆலை இருக்கிறது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை இருக்கிறது. அப்புறம், நீர்மூழ்கிக் கப்பலில் வைப்பதற்கான உலையின் தரை மாதிரியும் அங்கேதான். அதை அரசு வெளிப்படையாகக் காட்டியது 2009 ஆகஸ்டில், அரிஹந்த் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்ட அடுத்த மாதம்.

2006 மார்ச்சில் இந்தியா வெளியிட்ட பிரிவினைத் திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு நிலையம் தானே ராணுவ வேலை எதுவும் செய்யாவிட்டாலும், ராணுவ முக்கியத்துவம் உள்ள பெரிய வளாகத்துக்குள் அது இருந்தால் அதைக் குடிமைப் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்பது அந்த விதி. சென்னை அணுமின் நிலையம் திரைக்குப் பின்னால் போனதற்கு இது முக்கியக் காரணம். வாசலில் அதிகாரியை உட்காரவைத்துவிட்டால், பின்கட்டுக்குப் போகிற வருகிற ஆளையும் அவர் பார்ப்பாரே!

ஈனுலையைப் பற்றித்தான் சண்டை கடுமையாக இருந்தது. அந்த உலை புளூட்டோனியத்தை எரித்துக்கொண்டே, சுற்றிலும் வைத்திருக்கும் யு-238-ஐப் புதிய புளூட்டோனியமாக மாற்றும். சுற்று வட்டத்தில் பிறக்கும் புளூட்டோனியம் மிகச் சுத்தமானது, ஆயுதத் தரம். அமெரிக்கத் தரப்பு அதைக் குடிமைப் பட்டியலில் கேட்டது. 2006 பிப்ரவரியில், அப்போதைய அணுசக்தி ஆணையத் தலைவர் அனில் ககோட்கர் பத்திரிகைப் பேட்டியிலேயே வெளிப்படையாக மறுத்தார். எதிர்கால எரிபொருளுக்கும் வேண்டும், குறைந்தபட்சத் தற்காப்பு ஆயுத பலத்துக்கும் வேண்டும், ஆகவே கொடுக்க முடியாது என்பது அவர் வாதம். பிரதமர் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது துறைத் தலைவர் இப்படிப் பொதுவில் பேசியது அபூர்வம். ஈனுலை பட்டியலில் சேரவில்லை.

கடைசியில் 22 உலைகளில் 14 குடிமைப் பக்கம், 8 ராணுவப் பக்கம் என்று முடிவானது. தாராப்பூர் 1, 2, ராஜஸ்தானின் ஆறு, கூடங்குளம் 1, 2, காக்ராப்பார் 1, 2, நரோரா 1, 2 ஆகியவை அந்தப் 14. கல்பாக்கத்தின் இரண்டு, தாராப்பூர் 3, 4, கைகாவின் நான்கு வெளியே. சைரஸை 2010-இல் நிரந்தரமாக மூடுவதாகவும் இந்தியா ஒப்புக்கொண்டது, மூடியது. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும் மும்பை டாடா புற்றுநோய் மருத்துவமனையும்கூட அந்த ஆவணத்தில் குடிமைப் பக்கம் என்று எழுதப்பட்டன. பாகப் பத்திரத்தில் பூஜை மணியைக்கூட விடாமல் எழுதுவதுபோல!

புதிதாகக் கட்டும் உலை எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கும் உரிமை இந்தியாவிடமே இருக்கும். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பட்டியலை எழுதும் பேனா நம் கையில் இருக்கிறது. ஆனால் ஒருமுறை குடிமைப் பட்டியலில் எழுதிவிட்டால், நினைத்தபோது அழிக்க முடியாது.

இரண்டு பக்கத்திலும் இருந்த பயம்

இந்தியாவில் எதிர்த்தவர்கள் பல ரகம். அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் பி.கே. அய்யங்கார் போன்றவர்கள், இனிச் சோதனை வெடிப்பு நடத்தும் சுதந்திரம் போய்விடும், நம் திட்டத்தின் உள்விவரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும் என்று கவலைப்பட்டார்கள். இடதுசாரிக் கட்சிகளுக்கு அமெரிக்க நெருக்கமே பிரச்சினை. 2008 ஜூலையில் ஆதரவை விலக்கிக்கொண்டன. அப்துல் கலாம் ஒப்பந்தம் நாட்டுக்கு நல்லது என்று சொன்னதைக் காட்டிச் சமாஜ்வாதி கட்சி ஆதரவு தர, ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-க்கு 256 என்று அரசு தப்பியது.

எதிர்ப்பக்கத்தில் இருந்த பயத்தை நம் ஊரில் அதிகம் பேசவில்லை. அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு இருபது மூட்டை நெல் விளைகிறது என்று வையுங்கள். சாப்பாட்டுக்கே பதினைந்து போய்விடும். இப்போது வெளியிலிருந்து பதினைந்து மூட்டை கிடைக்க ஏற்பாடாகிறது, சாப்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. நிபந்தனையை அவர்கள் அப்படியே காப்பாற்றினாலும், சொந்த நெல் இருபதும் இப்போது விற்பனைக்குப் போகலாம். வெளிநாட்டு யுரேனியம் மின்சாரத்துக்கு வந்தால் உள்நாட்டு யுரேனியம் ஆயுதத்துக்கு மிஞ்சும் என்று பாகிஸ்தானும், அமெரிக்காவின் ஆயுதக் குறைப்பு ஆர்வலர்களும் சொன்னது இதைத்தான். கண்காணிப்பு வெளியிலிருந்து வந்த நெல்லைத்தான் எண்ணும். இந்த வாதத்துக்குத் திருப்தியான பதில் இன்றுவரை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் 45 நாடுகள் அடங்கிய என்.எஸ்.ஜி. இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. அக்டோபர் 10 அன்று பிரணாப் முகர்ஜியும் கண்டலீசா ரைசும் கையெழுத்துப் போட்டார்கள். அமெரிக்க அணுசக்திச் சட்டத்தின் 123-வது பிரிவின்கீழ் வருவதால் அது '123 ஒப்பந்தம்'. ரகசியத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அதன் 2-வது பிரிவைப் படிக்க வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்குத் தொடர்பில்லாமல் ஒரு நாடு தானாக உருவாக்கிய அணுப்பொருள், தொழில்நுட்பம், நிலையம் எதிலும் ஒப்பந்தம் குறுக்கிடாது என்கிறது அது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதை நான் கேட்கமாட்டேன், நீயும் இந்தப் பக்கம் இருப்பதை அங்கே கொண்டுபோகாதே என்ற உடன்பாடு.

யுரேனியம் வந்தது. ரஷ்யா, பிரான்ஸ், கஜகஸ்தான், பிறகு, 1974-இல் கோபித்துக்கொண்டு போன கனடாவே 2015-இல் விற்றது. பாதித் திறனில் ஓடிய நிலையங்கள் எழுந்து நின்றன. மின்சாரம் என்ற அளவுகோலில் பார்த்தால் இந்தியாவுக்கு லாபம்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பார்க்காமலே சரிபார்ப்பது

ஆய்வாளர் வந்தால் ரகசியம் போய்விடும் என்பது எப்போதும் உண்மையில்லை. ஐரோப்பாவில் யுரேனியம் செறிவூட்டும் ஆலைகளில், யுரேனிய வாயுவை வேகமாகச் சுழற்றி யு-235-ஐப் பிரிக்கும் சுழல் உருளைகளின் வடிவமைப்பு மிகக் கவனமாகக் காக்கப்படும் ரகசியம். ஆனால் 90 சதவீதம் வரை செறிவூட்டவில்லை என்று உறுதிசெய்யவும் வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார்கள். ஆய்வாளர் ஆண்டுக்குச் சில முறை, முன்னறிவிப்பு இல்லாமல், உருளைக்கூடத்துக்குள் போகலாம். குழாய் இணைப்புகள் மாற்றப்படவில்லையா என்று பார்க்கலாம். உருளையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் கண்ணில் படாது.

இன்னும் அழகான ஒன்று 1996 முதல் 2002 வரை அமெரிக்கா, ரஷ்யா, சர்வதேச முகமை மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. ஆயுதத்திலிருந்து எடுத்த புளூட்டோனியத்தை மூடிய பெட்டியில் வைப்பார்கள். அதன் வடிவமும் துல்லிய எடையும் ரகசியம். பெட்டியைக் கருவிக்குள் வைத்தால், உள்ளிருக்கும் கணினி அளந்து, ஒப்பிட்டு, வெளியே ஒரு விளக்கை மட்டும் எரிய வைக்கும். புளூட்டோனியம்தானா, ஆயுதத் தரம்தானா, குறிப்பிட்ட எடைக்கு மேல் இருக்கிறதா? பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை. அளவீட்டு எண்கள் எதுவும் வெளியே வராது. அந்த முயற்சி நடைமுறைக்கு வராமலே நின்றுவிட்டது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் தெரியப்படுத்த முடியும் என்று அது காட்டியது. திறப்பதா மூடுவதா என்று இரண்டே வழிதான் உண்டு என்று யாராவது வாதிட்டால், எனக்கு அந்தப் பச்சை விளக்கு நினைவுக்கு வரும்.

ரகசியம், ஆனால் யாரிடமிருந்து?

இதுவரை பேசியதெல்லாம் வெளிநாட்டிடமிருந்து மறைப்பதைப் பற்றி. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போன நிலையங்களைச் சுற்றி நம் மக்கள் வாழ்கிறார்கள். புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு என்று கல்பாக்கத்தைச் சுற்றி ஊர்கள். அங்கே வேலை செய்பவர்களும் நம் ஆட்கள்.

2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில் ஆறு பணியாளர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பொதுமக்களுக்கு இது தெரியவந்தது மாதங்கள் கழித்து, பணியாளர்கள் சங்கம் போராடிய பிறகு. இதில் கவனிக்க வேண்டிய பின்னணி ஒன்று உண்டு. இந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டிலேயே அந்த மையத்தின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டு, மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. அதாவது, ராணுவ முக்கியத்துவம் என்ற திரை வியன்னாக்காரரை மட்டும் நிறுத்தவில்லை; நம் ஊர்ப் பாதுகாப்பு அதிகாரியையும் நிறுத்திவிட்டது.

அதற்கும் முன்னால், 1995-இல் வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் காலத்தில், நாட்டின் அணு நிலையங்களில் உள்ள 130-க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை தயாரானது. அதை வெளியிடக் கோரி மக்கள் சிவில் உரிமைக் கழகம் நீதிமன்றம் போனது. 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 18-வது பிரிவு தகவலை மறைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது. எந்தக் குழாய் பழுது, எந்த அவசரக்கால பம்ப் வேலை செய்யாது என்ற விவரத்தில் ராணுவ ரகசியம் எவ்வளவு இருக்க முடியும்? கொஞ்சம் இருக்கலாம். ஓர் அறிக்கை முழுவதும் இருக்குமா என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

சரி, கூடங்குளம் குடிமைப் பட்டியலில்தானே இருக்கிறது, அங்கே எல்லாம் வெளிப்படையா என்றால், அதுவும் இல்லை. இடிந்தகரையில் போராட்டம் உச்சத்தில் இருந்த 2012-இல், முதல் இரண்டு உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கொடுக்கும்படி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. விற்பனையாளரின் வடிவமைப்பு விவரங்களை மறைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம் என்றும் வழி சொன்னது. அணுமின் கழகம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. இங்கே ராணுவம் எங்கிருந்து வந்தது? வரவில்லை. இது வணிக ரகசியம். வியன்னா ஆய்வாளர் உள்ளே போய் எண்ணிவிட்டு வரும் நிலையத்தைப் பற்றி, வேலிக்கு வெளியே மீன் பிடிப்பவர் கேட்டால் பதில் கிடைப்பதில்லை. ஒப்பந்தம் ஒரு கதவைத் திறந்தது, உண்மைதான். அந்தக் கதவு வியன்னா பக்கம் பார்த்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விளையாட்டு இப்போது மாறுகிறது. 1998 சோதனைகளுக்குப் பிறகு அமெரிக்கா தடைப் பட்டியலில் வைத்திருந்த பாபா மையத்தையும் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி மையத்தையும் 2025 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் 'சாந்தி' சட்டத்தை நிறைவேற்றி, 1962 சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவந்தது. தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையம் நடத்த வழி பிறந்திருக்கிறது. அரசின் ரகசியத்தோடு கம்பெனியின் ரகசியமும் ஒரே வேலிக்குள் வரப்போகிறது. எது நாட்டின் பாதுகாப்புக்காக மறைக்கப்படுகிறது, எது நிறுவனத்தின் வசதிக்காக மறைக்கப்படுகிறது என்று ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாகக் கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். குண்டின் வடிவமைப்பை யாரும் கேட்கவில்லை. நீர்மூழ்கி உலையின் வரைபடமும் வேண்டாம். கசிவு நடந்த தேதி, பணியாளர் வாங்கிய கதிர்வீச்சு அளவு, கடலில் விடப்பட்ட நீரின் சோதனை முடிவு, ஊரைக் காலி செய்ய வேண்டி வந்தால் எந்தச் சாலை: இவற்றைச் சொன்னால் எந்த எதிரிக்கும் ஆயுதம் கிடைத்துவிடாது.

எதிரிக்கே நாம் சொல்வதும் உண்டு. 1988 டிசம்பர் 31 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஓர் ஒப்பந்தம் செய்தன, ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று. அதன்படி 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று, புது டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில், இரு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை, அட்சரேகை தீர்க்கரேகையோடு, கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் போர் நடந்த அடுத்த ஆண்டும் அது நிற்கவில்லை. எல்லையில் படைகள் குவிந்திருந்த 2002-இலும் நிற்கவில்லை. பட்டியல் கைமாறியது என்று வெளியுறவு அமைச்சகம் அன்றைக்கே ஒரு சிறு அறிவிப்பு வெளியிடும். பட்டியலை வெளியிடுவதில்லை.